அத்தையின் ஆடிக் கணக்கு

ஆடி பிறந்தால் மதுரையில் கல்யாணப் பேச்சு ஓய்ந்துவிடும், ஜவுளிக்கடைகளில் மைக் செட் அலற ஆரம்பிக்கும். முகூர்த்தமில்லாத மாதத்தில் துணி எடுக்க யார் வருவார்கள்? தீபாவளிச் சரக்கு வந்து இறங்குவதற்குள் பழசைத் தள்ளியாக வேண்டுமே. விளக்குத்தூண் பக்கம் போனால் வாசலுக்கு வாசல் துணி பேனர். 50% என்பது ஆள் உயரத்துக்கு இருக்கும். ‘வரை’ மட்டும் எறும்பு சைஸில்.

1990-களின் தொடக்கம் அது. அத்தைக்குச் சுங்குடிச் சேலை எடுக்க அவளும் அப்பாவும் கிளம்ப, நானும் ஒட்டிக்கொண்டேன். அணா 1957-லேயே நயா பைசாவுக்கு வழிவிட்டுவிட்டாலும் அத்தையின் வாயைவிட்டுப் போகவில்லை. 25% என்றால் ரூபாய்க்கு நாலணா, 50% என்றால் எட்டணா. மனக்கணக்குக்கு அதுவே அவளுக்கு வசதி.

நாங்கள் நுழைந்த கடையில் ‘50% + 20%’ என்று போட்டிருந்தது. அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளி வைத்த சேலை, சீட்டில் 400 ரூபாய். கடைப்பையன் 160 என்றான். அப்பா விடவில்லை.

“அம்பதும் இருபதும் எழுபது. நூத்தி இருபதுதானப்பா வரணும்?”

“ஏன்டா, பாதியை வெட்டியாச்சு. மிச்சமிருக்கற இருநூறுலதான இருபது பர்சன்ட்டு? அது நாப்பது ரூவா” என்றாள் அத்தை. ஆக, எழுபது அறுபதாயிற்று.

அதோடு விட்டாளா? விலைச்சீட்டின் ஓரத்தை நகத்தால் நெம்பினாள். பசை இன்னும் காயவில்லை போலிருக்கிறது, மேல் சீட்டு சுருண்டு வந்தது. அடியில் இன்னொரு சீட்டு, ஊதா மையில் 320. பையன் கல்லாப் பக்கம் பார்த்தான்.

“முன்னூத்தி இருபதுல எம்பது ரூவா ஏத்துனீங்க. ரூவாய்க்கு நாலணா. இப்ப நானூறுல முதல்ல அஞ்சுல ஒண்ணு குறைச்சா, அதே எம்பது ரூவாதான். ஏத்துனா இருபத்தஞ்சு, இறக்குனா இருபதா?”

எனக்கு அங்கேதான் தலை சுற்றியது. ஏறியதும் எண்பது, இறங்கியதும் எண்பது. சதவீதம் மட்டும் எப்படி மாறும்? பஸ்ஸில் வரும்போது டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன். 320-க்கு எண்பது கால்வாசி, 400-க்கு ஐந்தில் ஒன்று. பேனரில் கூடுதலாகப் போட்ட அந்த 20%, அவர்களே ஏற்றியதை அவர்களே இறக்கிக்கொண்டதுதான். உண்மையில் குறைந்தது பாதி.

இத்தனையும் தெரிந்த அத்தை சேலையை வைத்துவிட்டு வருவாள் என்று நினைத்தேன். அவளோ, “முன்னூத்தி இருபதுக்குப் பாதி விலை, மோசமில்ல, கட்டுப்பா” என்றாள். அடிச்சீட்டு விஷயத்தைக் கடையில் வேறு யாரிடமும் சொல்லாமலிருக்க ஒரு ரவிக்கைத் துணியும் கேட்டாள். அதையும் சேர்த்துத்தான் கட்டினான் பையன்.