முகம் இழந்த சவப்பெட்டி

மனிதன் இறந்தபின் அவனது ஆன்மா வெளியே உலாவிவிட்டு மீண்டும் உடலுக்குத் திரும்பும் என்று பண்டைய எகிப்தியர்கள் நம்பினர். அதை 'பா' என்று அழைத்தனர். மனிதத் தலை கொண்ட பறவையாக அதை வரைந்தனர். திரும்பி வரும் பா தன் உடலை அடையாளம் காண முகம் வேண்டும், பெயரும் வேண்டும். சவப்பெட்டியில் முகத்தைச் செதுக்கிப் பெயரைப் பொறித்தது அதற்காகத்தான்.

துட்டன்காமனின் பத்து கிலோ தங்க முகமூடியை உலகமே அறியும். அதே அரசர்களின் பள்ளத்தாக்கில், 55-ஆம் எண் கல்லறையில், 1907-இல் ஒரு மரச் சவப்பெட்டி கிடைத்தது. அதன் தங்க முகத்தில் பெரும்பகுதி பிய்க்கப்பட்டிருந்தது. பெயர் இருந்த இடங்கள் வெட்டி எடுக்கப்பட்டிருந்தன. திருடன் செய்த வேலை என்றால் பெட்டியின் மற்ற தங்கத்தை விட்டுவைத்திருப்பானா?

உள்ளே இருந்தவர் துட்டன்காமனின் தந்தை என்று 2010-இல் வெளியான மரபணு ஆய்வு கூறியது. அவர் மன்னன் அகெனாதென்தான் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. பழைய கடவுளான ஆமூனின் பெயரைக் கோயில் சுவர்களிலிருந்து செதுக்கி நீக்கியவன் அவன். அவன் இறந்தபின் அதே உளி அவன் பெயரையும் தேடி வந்தது.

மகனின் முகம் உலகப் புகழ் பெற்றது. தந்தையின் பாவுக்கோ திரும்பிவர ஒரு முகம்கூட மிஞ்சவில்லை.