பேட் செக்டார்

தென்காசியில் அப்பாவின் ஸ்டூடியோவை மூடி 2 வருடமாகியும் ஆட்கள் வருவது நிற்கவில்லை. கல்யாண ஆல்பத்துக்கு இல்லை. வீட்டில் யாராவது இறந்தால் வருவார்கள். பேங்குக்கு எப்போதோ எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படம் அப்பாவின் கம்ப்யூட்டரில் இருக்கும். அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட வேண்டும். ஆள் பெயர், தெரு பெயர் போட்டு அப்பா சேமித்திருப்பார். அம்மா தேடி எடுத்துக் கொடுத்துவிடுவாள்.

போன மாசியில் அந்த 500 ஜிபி டிஸ்கில் ஃபோல்டர்கள் திறக்கவில்லை. சென்னையிலிருந்து போனிலேயே சொன்னேன். "கருப்புத் திரையில சி, எச், கே, டி, எஸ், கே அடிம்மா. ஸ்பேஸ் விட்டு டி, கோலன். அப்புறம் ஸ்பேஸ், ஸ்லாஷ், ஆர்." 12 வருடமாக இதே தொழிலில் இருப்பவன். டிஸ்க் எந்த நிலைமையில் இருக்கிறது என்று முதலில் பார்க்கத் தோன்றவில்லை.

செக்டிஸ்குக்கு நம் படங்கள் மேல் அக்கறை கிடையாது. எந்தக் கோப்பு எங்கே என்று எழுதிய பேரேடு சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கணக்கில் சேராத துண்டுகளுக்கு ஃபைல்0000.சிஎச்கே, ஃபைல்0001.சிஎச்கே என்று நம்பர் போட்டுத் தனி ஃபோல்டரில் தள்ளிவிடும். 'ஸ்லாஷ் ஆர்' சேர்த்தால் டிஸ்க் முழுவதையும் படித்துப் பார்க்கும். சாகக் கிடக்கும் டிஸ்கை மலையேறச் சொல்வது மாதிரி.

ஊருக்குப் போய் ஸ்மார்ட் அறிக்கையைத் திறந்தேன். படிக்க முடியாமல் நிலுவையில் நின்ற செக்டார்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. முதலிலேயே செய்திருக்க வேண்டியதை அப்போதுதான் செய்தேன்: லினக்ஸ் பென்டிரைவ், புது டிஸ்க், டிடிரெஸ்க்யூ. அது சுலபமாக வரும் இடங்களை முதலில் அள்ளிக்கொள்ளும். சிக்கும் இடத்தைத் தாண்டிப்போய், பிறகு திரும்பி வந்து சுரண்டும். எதுவரை வந்தோம் என்று மேப் கோப்பில் குறித்துக்கொள்வதால் கரண்ட் போனாலும் தொடரலாம். 2 ராத்திரி ஓடியது. ரிப்பேர் எல்லாம் அதற்கப்புறம், நகலில்தான்.

நிறையப் படங்கள் பெயரோடு வந்தன. நான் ஓடவிட்ட செக்டிஸ்க் நம்பர் போட்டவை சில நூறு. சிஎச்கேயை ஜேபெக் என்று மாற்றித் திறந்தால் முகங்கள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல டைப் செய்தேன். "இது டீக்கடை அண்ணாச்சி. இது யாரு... தெரியலப்பா."

மூன்றாம் நாள் மேலத்தெரு அத்தை வந்தார். மாமாவின் படம் கிடைத்தது. ஆனால் பாதிக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

"முகம் இருக்குல்லா, போதும்" என்றார் அத்தை. "கழுத்துக்குக் கீழ மாலை மறைச்சிரும்."