லிங்கங்களைத் தழுவிவரும் நீர்

கம்போடியாவில் சியம் ரீப் அருகே ஒரு சிற்றூரில், சிறுவர்க்குக் கணக்குக் கற்பிக்கும் தொண்டிற்காகக் கோடையில் ஒரு திங்கள் தங்கினேன். மரக்கால்களின்மேல் நின்ற வீடு. பாயும் கொசுவலையுமே படுக்கை. மீன் விழுது சேராத குழம்பு அரிதாதலால் சோறும் வாழைப்பழமுமே எனக்கு உணவு.

வாயிலில் மழைநீர் நிறைந்த பெருஞ்சாடிகள் இருந்தன. பூசைக்குமுன் அந்நீரையே தாராளமாக மொண்டு தலைமுழுகுவேன். அது கோடை முழுவதும் அவர்கள் குடிக்கச் சேமித்த நீர். ஆயுள் முழுவதும் வரவு செலவு பார்த்த வங்கிக்காரனுக்கு இது தோன்றவில்லையே! ஐந்தாம் நாள், அவ்வீட்டு மூதாட்டி தோள் கம்பில் இரு வாளிகளைத் தொங்கவிட்டுத் தொலைவிலுள்ள கிணற்றிலிருந்து நீர் சுமந்து வரக் கண்டேன். ஒரு சொல்லும் கடிந்துரைத்தாரில்லை. மறுநாள்முதல் கிணற்றடியிலேயே நீராடி, திரும்புகையில் ஒரு வாளி நீர் சுமந்து வந்தேன்.

விடுமுறை நாளில் கபால் ஸ்பியான் சென்றேன். அங்கே ஆற்றுப் பாறைப் படுகையிலேயே நூற்றுக்கணக்கான சிவலிங்கங்களைச் செதுக்கியுள்ளனர். பள்ளிகொண்ட பெருமாளும் உண்டு. அவற்றைத் தழுவிய நீரே சமவெளிக்கு இறங்குகிறது. கோடையாதலால் மெல்லிய இழையாக ஓடியது. சிறு புட்டியில் ஏந்தி வந்து மூதாட்டியிடம் அளித்தேன். இரு கைகளாலும் பெற்று, பேரன் தலையில் சில துளி தெளித்தார். எஞ்சியதைக் குடிநீர்ச் சாடியில் ஊற்றினார்.