பகாவிலிருந்து ஹனோய்க்கு

சிரம்பானிலிருந்து கோலப்பிலா வழியாகப் போனால் பகாவ். வழியெல்லாம் ரப்பரும் செம்பனையும். பட்டணத்து ஒட்டுக்கடையில் என் பள்ளித்தோழி அம்மாவோடு காத்திருந்தாள். மறுநாள் அவளுக்கு ஹனோய் பயணம். ஆங்கில ஆசிரியர் வேலை. அம்மா இங்கே தோட்டத்தில் பால்மரம் சீவியவர்.

1954-இல் ஆந்தனி பர்ஜஸ் என்ற இங்கிலாந்துக்காரர் கோலகங்சார் மலாய்க் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். பின்னாளில் பெயர்பெற்ற நாவலாசிரியர் ஆனார். அன்று ஆங்கிலம் சொல்லித்தர அங்கிருந்து வந்தார்கள். இன்று நம் தோட்டத்துப் பிள்ளை புறப்படுகிறாள்.

வேலை சுலபமாகக் கிடைக்கவில்லை. பட்டமும் 120 மணி நேரப் பயிற்சிச் சான்றிதழும் இருந்தும், 'ஆங்கிலம் தாய்மொழியாக இருக்க வேண்டும்' என்று இரண்டு இடங்களில் மறுத்துவிட்டார்கள். மூன்றாவது இடத்தில் மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னார்கள்.

"வீட்டில் தமிழ், வெளியே மலாய், அப்புறம்தான் எனக்கு ஆங்கிலம். படிக்கிற பிள்ளைக்கு எங்கே நாக்கு தடுக்கும் என்று எனக்குத் தெரியாதா?" என்றாள்.

"சனிக்கிழமை டியூஷன் பிள்ளைகளை இனி யாரும்மா பார்ப்பா?" அம்மா கேட்டார்.

அவள் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தாள். வானொலியில் தமிழ் மட்டுமே பேசிப் பழகிய எனக்குக் கொஞ்சம் நடுக்கம்தான். இருந்தாலும், வரும் சனிக்கிழமை மறுபடியும் பகாவ் போகிறேன்.