தட்டு காலியாகத்தான் இருந்தது

நாய்க்கு மணி பார்த்துச் சோறு போடுகிறவர்களை நான் வாய்விட்டுக் கிண்டல் செய்த காலம் ஒன்று உண்டு. அப்போது எனக்கு மைசூர் ஹெப்பால் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை, மனைவிக்கு வங்கியில். சரஸ்வதிபுரத்து வீட்டில் பகல் முழுக்க மல்லி தனியாகத்தான் இருப்பாள். தெருவிலிருந்து தானாக வந்து எங்கள் சிட்-அவுட்டில் குடியேறிய நாட்டு நாய். நான் காலை ஐந்தரைக்குக் கிளம்பினாலும், மதியம் ஒன்றரைக்குக் கிளம்பினாலும், போகும்போது ஒரு பெரிய எவர்சில்வர் தட்டு நிறைய கடைத் தீனியைக் கொட்டிவிட்டுப் போவேன். திரும்பி வரும்போது தட்டு காலியாக இருக்கும். மறுபடி கொட்டுவேன். பசித்தால் தின்னட்டும், பசிக்காவிட்டால் விடட்டும். அதன் வயிற்றுக்கு நான் யார் சைரன் ஊத? இதற்கு நான் வைத்திருந்த பெயர் சுதந்திரம். சோம்பல் என்ற பெயரும் அதற்குப் பொருந்தும் என்று அப்போது தோன்றவில்லை.

குவெம்புநகரில் இருக்கும் கம்பெனி நண்பர் இதற்கு நேர் எதிர். அவர் வீட்டு லாப்ரடார் பாண்டுவுக்குக் காலை ஏழரை, மாலை ஏழரை என்று இரண்டு வேளைதான். சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுவார். இருபது நிமிஷத்தில் தட்டை எடுத்துவிடுவார். அவரோடு நான் போட்ட வாதங்களில் பெரும்பாலும் நான்தான் ஜெயித்தேன். விஷயம் தெரிந்தவன் என்ற பெயர் வேறு எனக்கு.

அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து வளர்த்தார்கள் என்றும், ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்தார்கள் என்றும், குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்தன என்றும் அவர் சொல்வார். 2002-ல் வெளிவந்த ஆய்வு. உடனே நான் 2016-ல் வந்த கேம்பிரிட்ஜ் ஆய்வை எடுத்து வீசுவேன். லாப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்குப் பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் ஒரு துண்டு குறைகிறது. போதும் என்று வயிறு சொல்வது மூளைக்குச் சரியாக எட்டுவதில்லை. "அது உன் நாயோட பிரச்சினை குரு. மல்லி நாட்டு நாய். அவளுக்குப் போதும்னா போதும்தான். பார், எவ்வளவு ஒல்லியா இருக்கா!" என்பேன். மல்லியின் ஒல்லியைத்தான் என் கட்சிக்குச் சாட்சியாக நிறுத்தினேன். அந்தச் சாட்சி என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்று கேட்கவில்லை.

ஒரு தடவை மட்டும் மாட்டிக்கொண்டேன். செந்நாய்களைப் பல வருஷம் காட்டில் பின்தொடர்ந்து படமெடுத்த கிருபாகர், சேனானி இருவரும் எங்கள் மைசூர்க்காரர்கள். அவர்கள் எடுத்த 'வைல்ட் டாக் டைரீஸ்' பற்றிப் பேச்சு வந்தபோது, "பந்திப்பூர்ல செந்நாய்க்கு யாரு மணி அடிக்கறாங்க?" என்றேன். நண்பர் டீயை ஆற்றிக்கொண்டே, "அங்க யாரு தட்டை நிரப்பி வெச்சிருக்காங்க?" என்றார். எனக்கு ஷிப்ட் பஸ் வந்துவிட்டது.

அவர் சொன்னதை யோசித்திருக்கலாம். எங்கள் ஊர் வீட்டில் நாய்க்கு மோர்ச்சோறுதான். வைத்த கொஞ்ச நேரத்தில் தின்றாக வேண்டும், இல்லாவிட்டால் புளித்துவிடும், எறும்பு மொய்க்கும், அம்மா தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள். மைசூர்ப் பக்கத் தோட்டங்களிலும் நாய்க்குக் கிடைப்பது ராத்திரி எல்லாரும் சாப்பிட்ட பிறகு ஒரு ராகி முத்தெ, களி உருண்டை. நாள் முழுக்க கெடாமல் தட்டில் கிடக்கும் உணவு என்பதே புதுசு. மாவை வேகவைத்து, அழுத்திப் பிதுக்கி, பொரித்த மாதிரி உருண்டையாக்கும் முறையில் நாய்த்தீனி அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 1957-ல். அந்த உருண்டை வராமல் இருந்தால் என் சுதந்திரக் கொள்கையும் பிறந்திருக்காது.

பக்கத்து வீட்டு அஜ்ஜி காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தினமும் கேட்பார்: "நாயிகெ ஊட்ட ஆய்தா?" நாய் சாப்பிட்டாயிற்றா என்று. நான் பைக்கை உதைத்துக்கொண்டே, "தட்டல்லி இதெ அஜ்ஜி" என்பேன். தட்டில் இருக்கிறது. அவர் கேட்டது அதை அல்ல.

அந்த வருஷம் மழை நீண்டுகொண்டே போனது. மல்லி படுத்தே கிடந்தாள். மழைச் சோம்பல் என்று நினைத்தேன். கேட் சத்தத்துக்கு ஓடி வருகிறவள், வாலை மட்டும் இரண்டு தட்டு தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். வயசாகிறது என்றேன். "ஏங்க, இவ இளைச்சுட்டே போறாளே" என்று மனைவி சொன்னபோது, "தட்டு காலியாத்தானே இருக்கு?" என்றேன். அவளும் தட்டைப் பார்த்தாள். காலியாகத்தான் இருந்தது. தண்ணீர்க் கிண்ணத்தில் மட்டும் தீனி ஊறிக் கூழாகக் கிடக்கும். வாயில் வைத்துக்கொண்டே தண்ணீர் குடிக்கிறாள் போலிருக்கிறது என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து, கிண்ணத்தை அலம்பி வைப்பேன்.

விஜயதசமி அன்று லீவு. தசரா யானை ஊர்வலமான ஜம்பூ சவாரி பார்க்க ஊரே அரண்மனைப் பக்கம் போய்விட்டது. மனைவியும் அக்காள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போனாள். எனக்குக் கூட்டம் ஆகாது. காபியோடு சிட்-அவுட்டில் உட்கார்ந்தேன். யோசித்துப் பார்த்தால், பகல் வெளிச்சத்தில் அங்கே சும்மா உட்கார்ந்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

முதலில் இரண்டு அணில்கள் வந்தன. ஆளுக்கொரு உருண்டையை இரண்டு கையாலும் பிடித்துக் கொறித்தன. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு ஒரு மைனா. பிறகு சுவரிலிருந்து ஒரு காக்கை இறங்கியது. பயமே இல்லை, பழகிய நடை. தட்டில் ஒரு உருண்டையைக் கொத்தி எடுத்தது. பறந்து போகவில்லை. நாலு எட்டு நடந்து தண்ணீர்க் கிண்ணத்துக்கு வந்து, உருண்டையை உள்ளே போட்டது. கொஞ்சம் காத்திருந்தது. ஊறியதும் எடுத்து விழுங்கியது. திரும்பத் தட்டுக்கு நடந்தது.

நான் காபியைக் கீழே வைத்தேன்.

இதே மல்லி, காக்கை முருங்கை மரத்தில் உட்கார்ந்தாலே பொறுக்காதவள். மதில்மேல் பூனையின் நிழல் விழுந்தால் தெருவையே கூட்டுகிறவள். இப்போது அவள் மூக்குக்கு ஒரு முழ தூரத்தில் காக்கை போகிறது, வருகிறது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. காது கூட அசையவில்லை. நான் எழுந்து போய் ஒரு உருண்டையை எடுத்து வாயருகே நீட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு, என்னைப் புண்படுத்தக்கூடாது என்பதுபோல என் விரலை ஒரு தரம் நக்கிவிட்டு, முகத்தை மெல்ல அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு வெள்ளையாக இருந்தது. வாழைத்தொட்டிப் பக்கம் போனால் சுவரோரம் பெருச்சாளி வளை, புதுமண்ணோடு. ராத்திரிப் பந்தி யாருக்கு என்று அதுவும் தெரிந்துபோயிற்று. பெருச்சாளி வந்தால் அதன் பின்னால் யார் வருவார் என்று பாம்பு பிடிக்கும் ஸ்நேக் ஷியாமின் ஊரில் சொல்ல வேண்டியதில்லை.

என் தட்டு ஒரு நாளும் வீண்போகவில்லை. நாயைத் தவிர எல்லாரும் தின்றிருக்கிறார்கள்.

அன்று கிளினிக்குகள் பூட்டிக் கிடந்தன. மறுநாள் காலை டாக்டர் மல்லியை மேசையில் படுக்கவைத்து, காதுக்குள்ளிருந்தும் விரலிடுக்கிலிருந்தும் உண்ணிகளைப் பிடுங்கியபடியே கேட்டார்: "கடைசியா எப்போ ஒழுங்கா சாப்பிட்டுது?"

தெரியவில்லை.

"எப்போதிலிருந்து குறைஞ்சுது?"

தெரியவில்லை.

"முன்னால என்ன வெயிட்?"

அதுவும் தெரியவில்லை. தசரா யானைகள் ஊருக்கு வந்ததும் எடைமேடையில் நிறுத்துவார்கள்; மறுநாள் பேப்பரில் ஒவ்வொன்றின் கிலோவும் வரும். அபிமன்யு 5 டன்னுக்கு மேல் என்பதும், 750 கிலோ அம்பாரியைச் சுமப்பதற்கு முன் அதற்கு என்னென்ன தின்னக் கொடுக்கிறார்கள் என்பதும் எனக்கு மனப்பாடம். வருஷா வருஷம் மனைவிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். டாக்டர் அதட்டவில்லை. சீட்டில் 'பசி' என்ற இடத்துக்கு நேரே, வளர்ப்பவருக்குத் தெரியவில்லை என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

எர்லிக்கியா. உண்ணி கடித்து வருகிற காய்ச்சல். நம் பக்கத்து நாய்களுக்குப் புதிதல்ல. முதலில் சோர்வு, சாப்பாட்டில் மனமின்மை. கவனிக்காமல் விட்டால் ரத்தத் தட்டணுக்கள் விழும், ரத்தமே குறையும். ஆரம்பத்திலேயே கொண்டுவந்தால் மாத்திரையோடு போகும் என்றார். நாங்கள் ஆரம்பத்தில் போகவில்லை. ரத்தம் ஏற்றியாக வேண்டும். 25 கிலோவுக்கு மேல், நோயில்லாத, பருமனில்லாத ஒரு நாய் வேண்டும். உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது?

தெரிந்தவர் ஒருவர் இருந்தார். போன் செய்யத்தான் கை வரவில்லை.

நண்பர் பாண்டுவைக் காரில் ஏற்றிக்கொண்டு அரை மணியில் வந்துவிட்டார். டாக்டர் பாண்டுவின் விலாவைத் தடவிப் பார்த்தார். தோலுக்கடியில் எலும்பு விரலுக்குத் தட்டுப்பட்டது. "நல்லா வெச்சிருக்கீங்க" என்றார். பிறகு அதே கேள்வி. "கடைசியா எப்போ சாப்பிட்டான்?"

"காலை ஏழரைக்கு. 160 கிராம். மிச்சம் வைக்கல."

நண்பர் யோசிக்கக்கூட இல்லை. தன் வீட்டு நம்பர் சொல்வதுபோலச் சொன்னார். நான் சுவரில் மாட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தேன்.

பாண்டுவின் கழுத்தில் கொஞ்சம் முடியைச் சிரைத்து, அவன் ரத்தத்தை எடுத்து மல்லிக்கு ஏற்றினார்கள். அவன் பாட்டுக்கு எல்லாரையும் பார்த்து வாலாட்டிக்கொண்டு படுத்திருந்தான். முடிந்ததும் டாக்டர் ஒரு டின்னைத் திறந்து அவனுக்கு வைத்தார். நண்பர் பழக்க தோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அந்த ஒரு சிரிப்போடு சரி. பழைய வாதங்களை அவர் இன்றுவரை எடுத்ததில்லை. எடுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

டாக்ஸிசைக்ளின் 28 நாள். இரண்டு வேளை. வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும், உணவுக்குப் பிறகுதான் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். ஆக, என் தத்துவமெல்லாம் போய், காலையிலும் மாலையிலும் மணி பார்த்துத் தரையில் உட்கார்ந்து, குழையவிட்ட சோற்றையும் கோழியையும் பிசைந்து உருட்டி ஊட்டினேன். முதல் நாட்களில் இரண்டு உருண்டை. பிறகு நாலு. எத்தனை உருண்டை என்று காலண்டரில் குறித்தேன். ஒரு நாள் காலை அவளாகவே தட்டில் வாய் வைத்தாள். மனைவி உள்ளேயிருந்து, "சத்தம் கேக்குதா?" என்றாள். கேட்டது. நக்கி நக்கித் தட்டு தரையில் நகர்கிற சத்தம். இத்தனை வருஷத்தில் அவள் சாப்பிடுவதை நான் முழுசாகப் பார்த்தது அன்றுதான்.

மல்லி பிழைத்துக்கொண்டாள். ஆனால் பழைய ஓட்டம் திரும்பவில்லை. மாதக்கணக்கில் ரத்தப் பரிசோதனை, சிறுநீரகத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்ற எச்சரிக்கை, சேமிப்பில் ஒரு பள்ளம். இப்போது ஏழரை, ஏழரைதான். எனக்குக் காலை ஷிப்ட் என்றால் மனைவி, அவளுக்கும் முடியாவிட்டால் அஜ்ஜி. கால் மணி, இருபது நிமிஷம். தின்றது போக மிச்சத்தை எடுத்து மூடிவிடுகிறோம். சமையலறையில் ஒரு தராசும் வாங்கியாயிற்று. காக்கைகள் கொஞ்ச நாள் சுவரில் உட்கார்ந்து கத்தின.

போன மாதம் ஒரு மாலை தட்டு வைத்தேன். மல்லி முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். எனக்குக் கை கால் ஓடவில்லை. ஈறைப் பார்த்தேன், காதைப் பார்த்தேன், வண்டியை எடுத்தேன். டாக்டர் கடையை மூடப்போகிற நேரம். அவர் கேட்பதற்குள் ஒப்பித்தேன்: காலையில் 140 கிராம், மிச்சமில்லை, எடை 17 கிலோ 200. அவர் தெர்மாமீட்டர் வைத்தார், வயிற்றை அமுக்கினார், திரும்ப அமுக்கினார். "வயிறு கல்லு மாதிரி இருக்கே. சாயங்காலம் யாராவது ஏதாவது குடுத்தாங்களா?"

அங்கிருந்தே அஜ்ஜிக்குப் போன் போட்டேன். நாலு மணிக்குச் சுவருக்கு மேலே ஒரு முழு ராகி முத்தெ. "பாப, ஹசிவு ஆகித்து அதக்கெ" என்றார் அஜ்ஜி. பாவம், அதற்குப் பசித்தது.

டாக்டர் ஃபீஸ் வாங்கிக்கொண்டார். அந்த ஊரிலேயே அவ்வளவு சந்தோஷமாக ஃபீஸ் கொடுத்துவிட்டு வந்த ஆள் அன்றைக்கு நான்தான்.