சுவரில் ஒரு சுண்ணாம்புக் கோடு

அப்புத்தளைக் கடைவீதியில் எமது தந்தையார் நடத்திவந்த பலசரக்குக் கடையின் பின்னறைச் சுவரில் ஒரு சுண்ணாம்புக் கோடு இருந்தது. கோதுமை மா மூடைகளை அச்சுவரோடு சேர்த்து அடுக்கி வைப்பது வழக்கம். அடுக்கு உயர்ந்திருக்கையில் கோடு மறைந்திருக்கும். விற்பனையில் மூடைகள் குறைந்துகொண்டே வர, ஒரு நாள் அது வெளியே தலைகாட்டும். அன்றைக்கே தந்தையார் கொழும்புப் புறக்கோட்டையிலுள்ள மொத்த வியாபாரிக்குக் கட்டளை அனுப்பிவிடுவார். அப்பொழுது அறையில் 20 மூடைகள் மீதமிருக்கும். “இவ்வளவு இருக்கையில் என்ன அவசரம், அப்பா?” என்று சிறுவராயிருந்த நாம் கேட்டதுண்டு. அவர் புன்னகையோடு கணக்குப் புத்தகத்தைத் திறந்துகொள்வார்.

எமது ஊரின் இருப்பிடத்தை அறிந்தவர்களுக்கு அந்தக் கோட்டின் பொருள் எளிதில் விளங்கும். அப்புத்தளை ஒரு மலை விளிம்பில் அமர்ந்த ஊர். ஒருபுறம் ஊவாவின் மேட்டுநிலம்; மறுபுறம் செங்குத்தாக இறங்கும் சரிவும், அதற்கப்பால் தென்சமவெளியும். வானம் தெளிந்திருந்தால் கடலும் கண்ணுக்குத் தெரியும். புகையிரதப் பாதை 1893 ஆம் ஆண்டில் இவ்வூரை எட்டியது. பதுளையை அடைந்ததோ 1924 இல். லொறிகள் இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக வந்து, பெரகலையிலிருந்து வளைவுகளில் ஏறவேண்டும். வெலிமடைக் காய்கறி காலையில் பறித்து மாலையில் வந்துவிடும். அதற்குக் கோடு தேவையில்லை. மாவும் பருப்பும் பால்மாவும் தொலைவிலிருந்து வருபவை. மழையும் மண்சரிவும் இடம் கொடுத்தால்தான் அவை வரும்.

இற்றைக்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன், கணக்கியல் படித்து முடித்த பெருமையோடு நாம் கடைக்கு வந்தோம். வந்ததும் எமது பார்வை அந்தக் கோட்டின்மேல்தான் விழுந்தது. தபாலில் கடிதம் எழுதிப் புகையிரதத்தில் மூடைகளை வரவழைத்த காலத்தில் போட்ட கோடு அது. தொலைபேசியும் லொறியும் வந்த பிறகும் 20 மூடைகள் எதற்கு? அவற்றில் முதல் முடங்கிக் கிடக்கிறது. மூடுபனியின் ஈரத்தால் மா கட்டிபட்டு வண்டு பிடிக்கிறது. ஆகவே நாம் பாடப் புத்தகத்தில் கண்ட கணக்கைப் போட்டோம்.

அக்கணக்கு மிக எளியது. நாளொன்றுக்குச் சராசரியாக 2 மூடைகள் விற்பனை. சொல்லியனுப்பிய சரக்கு வந்துசேர 4 நாட்கள். இரண்டையும் பெருக்கினால் 8. எனவே 8 மூடைகள் எஞ்சும்போது கட்டளை அனுப்பினால் போதும். கடைசி மூடை தீரும் வேளையில் லொறி வாசலில் வந்து நிற்கும். எட்டாவது மூடையின் உயரத்தில் புதியதொரு கோட்டை நாமே கீறினோம். தந்தையார் தடுக்கவில்லை.

சில மாதங்கள் எல்லாம் செம்மையாக நடந்தன. மிச்சப்பட்ட பணத்தைக் கணக்கிட்டு நாம் மகிழ்ந்தோம். பின்னர் தீபாவளி வந்தது.

தோட்டப் பகுதியின் வியாபாரம் பஞ்சாங்கத்தைப் போல ஓர் ஒழுங்குடையது. சம்பளம் மாதத்தின் 10 ஆம் திகதியளவில். தீபாவளி முற்பணம் பண்டிகைக்குச் சற்று முன்னர். பணம் கைக்கு வந்ததும் லயங்களிலிருந்து ஜனங்கள் கடைவீதிக்கு இறங்குவார்கள். அந்த வாரத்தில் மா 2 மூடைகளல்ல, 3 மூடைகள் விற்பனையாயின. புதிய கோடு தெரிந்த அன்றே நாம் தொலைபேசியில் சொல்லியனுப்பினோம். மழையும் அன்றே தொடங்கியது. வழியில் ஓரிடத்தில் மண் சரிந்து லொறிகள் வரிசையாய் நின்றன. 8 மூடைகள் மூன்றாம் நாளிலேயே தீர்ந்தன. லொறி வந்ததோ ஏழாம் நாளில்.

ஐந்தாம் நாள் மாலை, தலையில் கொங்காணியோடு ஒரு தாய் மழையில் நனைந்தபடி வந்தார். எத்தனையோ ஆண்டுகளாக எமது கடையில் கொப்பியில் எழுதிச் சாமான் வாங்கி, சம்பளத்தன்று தீர்ப்பவர்.

“மொதலாளி, மா கொஞ்சம் போடுங்க. புள்ளைகளுக்கு ரொட்டி சுடணும்.”

“மா இல்லையம்மா. அடுத்த கடையில் பாருங்களேன்” என்றோம் நாம்.

“அங்கே எனக்குக் கொப்பி இல்லீங்களே” என்றார் அவர்.

நாம் தலைகுனிந்து நின்றோம். ரொக்கம் உடையவர் ஒரு கடையில் இல்லாததை மறு கடையில் வாங்கிக்கொள்வார். கொப்பி மட்டும் உடையவருக்கு அந்த ஒரு கடைதான் கடைவீதி. முடங்கிய முதலையும் கெட்டுப்போன மாவையும் ரூபாயில் எழுதிய எமது கணக்கில், மூன்று மைல் நடந்து வந்து வெறுங்கையோடு திரும்பும் ஒருவருக்கு இடமே இருக்கவில்லை.

தந்தையார் ஒன்றும் பேசாமல் வீட்டுக்குள் சென்றார். எமது அன்னையார் சமையலறைத் தகரத்திலிருந்த மாவை முழுவதுமாகக் கொட்டிக் கட்டிக்கொடுத்தார். அன்றிரவு தந்தையார் எம்மிடம் கேட்டது ஒரே கேள்விதான்: “தம்பி, உன் கணக்கில் சரக்கு எப்பொழுதும் நாலாம் நாள் வந்துவிடுகிறது. அப்புத்தளைக்கு அப்படி எந்த ஐப்பசியில் வந்திருக்கிறது?”

அக்கேள்வியோடு நாம் மறுபடியும் கணக்கைப் போட்டோம். விற்பனை மிகுந்த நாளில் 3 மூடைகள், பாதை கெட்டால் 7 நாட்கள், பெருக்கினால் 21. வழக்கமான தேவையாகிய 8 ஐக் கழித்தால் எஞ்சும் 13 மூடைகளே காப்பு இருப்பு. தந்தையாரின் கோடு நின்றது 20 இல்! எழுத்தில் ஒரு கணக்கும் போடாத அவர் அனுபவத்தால் வந்தடைந்த இடத்துக்கும், நாம் பட்டுத் தெளிந்து வந்த இடத்துக்கும் ஒரு மூடையே பேதம்.

கணக்கியல் பயிலும் மாணவர் இதை மனத்திற் கொள்வது நலம். ஒரு தடவையில் எவ்வளவு வாங்குவது இலாபம் என்பதற்கு அமெரிக்கரான போர்ட் ஹரிஸ் 1913 இல் சூத்திரம் வகுத்தார். 1934 இல் வில்சன் என்பார் எழுதிய கட்டுரை, எவ்வளவு வாங்குவது என்பதோடு எப்போது வாங்குவது என்பதையும் தனிக் கேள்வியாக ஆராய்ந்தது. இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லும் எண்ணையே மீள்கட்டளை மட்டம் என்கிறோம். சராசரி விற்பனையும் சராசரி நாட்களும் அதன் ஒரு பகுதி மாத்திரமே. இரண்டும் ஒரே வாரத்தில் எல்லை மீறினால் என் செய்வது என்பதே மறு பகுதி. மலையகத்திலோ பண்டிகைக் கூட்டமும் ஐப்பசி மழையும் கைகோத்தே வருகின்றன.

பின்வந்த ஆண்டுகளும் இதனையே உணர்த்தின. 2022 இல் எரிபொருளின்றி லொறிகள் நின்றபோது, சரக்கு எத்தனை நாளில் வரும் என்று மொத்த வியாபாரியாலேயே சொல்ல முடியவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வீசியபோது மலையகப் பாதைகள் பல இடங்களில் துண்டிக்கப்பட்டன; புகையிரதப் பாதையும் சிதைந்தது. அத்தகைய பேரிடருக்கு எந்தச் சுவரிலும் கோடு கீற இயலாது. ஆயினும் சில நாட்களுக்கான மா இருந்த கடைகள், அந்தச் சில நாட்களுக்கேனும் பக்கத்து லயங்களுக்குத் துணையாயின. காப்பு இருப்பு வேறு, பதுக்கல் வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். முன்னது தட்டுப்பாட்டு நாளில் வழக்கமான விலைக்கே வெளியே வருவது. பின்னது அந்த நாளுக்காகவே உள்ளே ஒளிந்திருப்பது.

இந்தக் கணக்கு கடைக்காரருக்கு மட்டும் உரியதன்று. சம்பளத்துக்கும் சம்பளத்துக்கும் இடையில் அரிசிப் பானையின் அடி தெரியாமல் பார்த்துக்கொள்ளும் ஒவ்வோர் இல்லத்தரசியும் இதனை நாள்தோறும் போடுகிறார். வீட்டில் முதியவரின் மருந்து எத்தனை நாளில் தீரும், வாங்கிவர எத்தனை நாள் செல்லும் என்று எண்ணிப் பார்ப்பதும் இதுவே.

தந்தையார் இன்று இல்லை. சுவருக்கு எத்தனையோ தடவை வெள்ளையடித்தாயிற்று. கடையை இப்போது எமது மகன் கவனிக்கிறான், இருப்பெல்லாம் கணினியில். ஐப்பசி பிறக்குமுன் மாவுக்குரிய எண்ணை ஒருமுறை சரிபார்க்கும்படி நாம் அவனுக்கு நினைவூட்டுவோம். ஒவ்வொரு வெள்ளையடிப்பின் பின்னரும், பின்னறைச் சுவரில் அந்தப் பழைய கோட்டை நாமே எமது கையால் மீண்டும் கீறிவைக்கிறோம்.