நிற்கும் திடல் யாருடையது?

சரக்கு நன்றாக இருந்தால் வியாபாரம் தானாக நடக்கும் என்று சொல்லித்தான் எங்கள் தலைமுறையை வளர்த்தார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறைகளுக்கு நடுவே வாழ்நாளைக் கழித்த எனக்கு அந்த நம்பிக்கை இன்றும் போகவில்லை. ஆனால் நல்ல சரக்கு மட்டும் ஒரு தொழிலைக் காப்பாற்றாது என்பதை ஸ்ரீபெரும்புதூரில் நாம் எல்லோரும் கண்ணாரப் பார்த்தோம். இன்றைக்குத் தொழில் தொடங்க நினைக்கும் பிள்ளைகள் பலருக்கு அந்த வரலாறு தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பின்லாந்தில் 1865இல் காகிதக்கூழ் ஆலையாகத் தொடங்கியது நோக்கியா. ரப்பர் பூட்ஸ், கேபிள் என்று பலவும் செய்து, 1998இல் உலகிலேயே அதிகமாக செல்போன் விற்கும் நிறுவனமானது. 2003இல் வந்த நோக்கியா 1100 போனை யார் மறக்க முடியும்? தூசி புகாத பொத்தான்கள், வியர்த்த கையிலும் வழுக்காத பக்கங்கள், தலைப்பகுதியில் ஒரு டார்ச். நம் ஊர்களைப் போன்ற ஊர்களை மனதில் வைத்தே வடிவமைத்தார்கள். 25 கோடிக்கு மேல் விற்றது. 2006இல் ஸ்ரீபெரும்புதூர் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து, பள்ளிப் படிப்பை முடித்த பெண்கள் கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்கு வந்தார்கள். உச்ச காலத்தில் அங்கே சுமார் 8,000 பேர் வேலை பார்த்தார்கள். வேலையிலும் குறையில்லை, சரக்கிலும் குறையில்லை.

பிறகு என்ன நடந்தது? 2007இல் ஆப்பிளின் ஐபோன் வந்தது. அடி விழுந்தது அந்தப் போனால் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 2008 ஜூலையில் சுமார் 500 செயலிகளுடன் ஆப்பிள் ஆப் ஸ்டோரைத் திறந்ததே, அதுதான் பெரிய அடி. எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து ஒரு பையன் செயலி எழுதினால் அதை அங்கே விற்கலாம். அன்றைய கணக்குப்படி வரும் பணத்தில் எழுபது சதவீதம் அவனுக்கு, முப்பது சதவீதம் ஆப்பிளுக்கு. அதே ஆண்டில் ஆண்ட்ராய்டில் இயங்கும் முதல் போனும் வந்தது. கூகுள் அந்த மென்பொருளை உரிமக் கட்டணம் வாங்காமல் போன் தயாரிப்பாளர்களுக்குக் கொடுத்தது.

நம் ஊர் வாரச்சந்தையை நினைத்துப் பாருங்கள். கத்தரிக்காய் விற்பவர் ஒருவர். திடலைக் குத்தகைக்கு எடுத்துச் சுங்கம் வசூலிப்பவர் இன்னொருவர். கடைகள் பெருகப் பெருகக் கூட்டம் பெருகும். கூட்டத்தைப் பார்த்து இன்னும் கடைகள் வரும். யாருடைய காய் நன்றாக விற்றாலும் திடல்காரருக்கு வரும்படி உண்டு. நோக்கியா கடைசிவரை நல்ல காய் விற்றது. ஆப்பிளும் கூகுளும் திடல் அமைத்தார்கள்.

நோக்கியாவுக்கு இது தோன்றவே இல்லை என்று சொல்வது அநியாயம். ஸ்மார்ட்போன் உலகில் அதன் போன்களில் ஓடிய சிம்பியன் மென்பொருள்தான் அன்று முன்னணியில் இருந்தது. 2009இல் ஓவி ஸ்டோர் என்று ஒரு செயலிக் கடையையும் திறந்தார்கள். ஆனால் சிம்பியனுக்குச் செயலி எழுதுவது பெரும் பாடு. ஒரு மாடலில் ஓடுவது இன்னொன்றில் ஓடாது. திரைக்குத் தக்கபடி, பதிப்புக்குத் தக்கபடி மாற்றி எழுத வேண்டும். மென்பொருளைப் போனுக்குள் வைக்கும் ஓர் உதிரி பாகமாகவே அவர்கள் பார்த்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பிறர் வந்து பிழைக்க இடம் கொடுப்பதே ஒரு தொழில் என்பது அவர்களுக்குப் பிடிபடவில்லை.

தலைமைப் பொறுப்புக்கு வந்த ஸ்டீபன் எலாப் 2011 பிப்ரவரியில் ஊழியர்களுக்கு எழுதிய கடிதத்தில் இதை ஒளிக்காமல் சொன்னார்: போட்டியாளர்கள் நம் சந்தையைப் பறிப்பது கருவிகளால் அல்ல, கருவியைச் சுற்றி எழுப்பிய முழுச் சூழலால். நோயைச் சரியாகக் கண்டவர் மருந்துக்கு மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் போனிடம் போனார். அது இன்னொருவரின் திடல். அதுவும் கூட்டம் சேராத திடல். அதில் இயங்கிய நோக்கியாவின் லூமியா போன்களின் கேமராவை எல்லோரும் பாராட்டினார்கள், ஆனால் செயலி எழுதுபவர்கள் அந்தப் பக்கம் போதுமான அளவு வரவில்லை. 2012இல் சாம்சங் முந்தியது. 2014 ஏப்ரலில் போன் தொழில் மைக்ரோசாஃப்ட்டின் கைக்குப் போனது. வரி வழக்கில் சிக்கியிருந்ததால் ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. அந்த நவம்பரில் மூடப்பட்டது. வரி வழக்கும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் மைக்ரோசாஃப்ட் வாங்கிய பகுதியும் தப்பவில்லையே! அடுத்த ஆண்டே மைக்ரோசாஃப்ட் சுமார் 760 கோடி டாலரை நஷ்டமாக எழுதித் தள்ளியது.

இது புதிதுமல்ல. 1981இல் ஐபிஎம் தன் பர்சனல் கம்ப்யூட்டரை அவசரமாகக் கொண்டுவந்தபோது இயங்குதளத்தை மைக்ரோசாஃப்ட்டிடமும் சில்லை இன்டெலிடமும் வாங்கியது. பெட்டியை யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றானதும் லாபம் அந்த இருவர் பக்கம் போனது. 2005இல் ஐபிஎம் அந்தத் தொழிலையே லெனோவோவுக்கு விற்றுவிட்டது.

திடலெல்லாம் தனியார் கையில்தான் இருக்க வேண்டுமா? இல்லை என்பதற்கு நம் யுபிஐ சாட்சி. 2016இல் தேசியக் கொடுப்பனவுக் கழகம் தொடங்கிய அந்த அமைப்பில் எந்த வங்கிக் கணக்கும், எந்தச் செயலியும் ஒன்றோடொன்று பேசும். இளநீர்க் கடைக்காரர் ஒரே ஒரு கியூஆர் அட்டையை ஒட்டி வைத்தால் போதும். இதில் எனக்கு உண்மையான பெருமை உண்டு. ஆனாலும் பரிவர்த்தனைகளில் பெரும்பங்கு ஃபோன்பே, கூகுள் பே என்ற இரண்டு செயலிகள் வழியாகவே போகிறது. எந்தச் செயலிக்கும் முப்பது சதவீதத்துக்கு மேல் பங்கு கூடாது என்று 2020இல் விதி அறிவித்தார்கள்; அதை அமல்படுத்தும் கெடுவோ தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. பொதுத் திடலிலும் இருவர் மட்டும் வாசலை அடைத்து நிற்கலாம். அந்த விதியை இனியும் தள்ளிப்போடக் கூடாது.

செயலி வழியாகச் சாப்பாடு, சேலை, மாவு விற்கும் பிள்ளைகளிடம் அதை விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். கூட்டம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் நாளைக்குக் கமிஷனை ஏற்றினால் என்ன செய்வாய் என்று கேட்பேன். உன் வாடிக்கையாளரின் பெயரும் போன் நம்பரும் உன்னிடம் இருக்கிறதா, செயலியிடம் மட்டும் இருக்கிறதா? நீ வாங்கிய நட்சத்திரங்களை இன்னொரு இடத்துக்கு எடுத்துப் போக முடியுமா? வருமானத்தில் எத்தனை பங்கு ஒரே வாசல் வழியாக வருகிறது?

மூடிக்கிடந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலைக் கட்டடத்துக்கு சார்ஜர் செய்யும் சால்காம்ப் வந்தது. பக்கத்துச் சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோன் செய்கிறது. மறுபடியும் ஆயிரக்கணக்கான பெண்கள் ஷிப்டுக்குப் போய்வருகிறார்கள்; மறுபடியும் அவர்கள் சம்பளம் எங்கோ எடுக்கப்படும் முடிவில் தொங்குகிறது. ஒரே இயந்திரத்தோடு முடிந்துவிடாத பயிற்சியையும், வேறு எந்த ஆலையிலும் செல்லும் சான்றிதழையும் அவர்களுக்குக் கொடுங்கள் என்று நிர்வாகங்களிடமும் அரசிடமும் இப்போதே கேட்க வேண்டும், ஆர்டர்கள் நிறைந்திருக்கும் இந்த நேரத்திலேயே.